ஐயாயிரம் ரூபாய் முறுக்கு

ஒரு தூக்குப்போசி முறுக்கை என் சொந்தத் தங்கச்சி புருஷன் தலையில் ஐயாயிரம் ரூபாய்க்குக் கட்டிவிட்டு, அதைப் பெரிய சாதனையாக நினைத்து மாதக்கணக்கில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

முறுக்கு அருமையாகத்தான் இருந்தது. ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கு. ஆனால் அந்தக் காசுக்கு மூட்டையாகவே வாங்கி, அதைத் தூக்கி வர ஒரு ஆளும் வைத்திருக்கலாம்.

இந்தத் தொடரில் வாரம் ஒரு முட்டாள்தனம் என்று எழுதி வருகிறேன். நடுவில் சரக்கு தீர்ந்துவிடுமோ என்று பத்திரிகைக்காரர்கள் ஒருமுறை கவலையோடு கேட்டார்கள். என் மனைவி ரெஜினாவிடம் கேட்டிருந்தால் அந்தக் கவலையே வந்திருக்காது.

சூரமங்கலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, பிரியாணியும் முடிந்து, எல்லோரும் தகரக் கூரை நிழலில் பாயில் சாய்ந்திருக்கிறார்கள். என் தொழில் மைக் செட், சீரியல் லைட் வாடகை. அதனால் முப்பது பேருக்குள் பேசவும் எனக்கு மைக் வேண்டும். இடது கையில் மைக், வலது கையில் முறுக்குப் போசி.

“மூவாயிரம்! திருச்செங்கோடு ரிக் முதலாளி அந்தோணி அண்ணன் மூவாயிரம்! முறுக்குச் சுட்டது யாரு? ஆட்டையாம்பட்டி லில்லி. லில்லி யாரு? எந் தங்கச்சி. தங்கச்சிக்குப் புருஷன் யாரு? அந்தா, தூணுக்குப் பின்னாடி பதுங்கி உக்காந்திருக்காரு பாருங்க!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆரோக்கியம் மாப்பிள்ளை தூணுக்குப் பின்னால் பதுங்கவில்லை. வெயிலுக்காக நகர்ந்து உட்கார்ந்திருந்தார். அதைச் சொன்னால் சிரிப்பு வராதே.

ஆளுக்கு நாலாயிரம்

முறுக்கு எப்படி மூவாயிரத்துக்கு ஏறியது என்று சொல்வதற்கு முன், ஏலம் எதற்கு வந்தது என்று சொல்லவேண்டும்.

எங்கள் பெரியக்கா கன்னியாஸ்திரி. சின்ன வயதிலேயே மடத்தில் சேர்ந்து, ராஞ்சிப் பக்கம் ஒரு ஊரில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வாழ்க்கையைக் கழித்துவிட்டார். இந்தியில் கனவு காண்கிறவர். ஆனால் போனில் எங்களைத் திட்டுவது மட்டும் சுத்தமான சேலத்துத் தமிழில். முன்பெல்லாம் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். முழங்கால் போன பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அவர் துறவற வார்த்தைப்பாடு கொடுத்து நாற்பது வருஷம் ஆகிறது, மடத்தில் சின்னதாக ஒரு விழா எடுக்கிறார்கள் என்று போன் வந்தது. நான் வழக்கம்போல, “கேக்குல என் பங்க கூரியர்ல அனுப்பிருக்கா” என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. “டேய் சூசை, சக்கரை ஒரு கண்ண தின்னுருச்சுடா. இன்னொண்ணையும் எப்போன்னு சொல்ல முடியாதுங்கறாங்க. அது இருக்கறப்பவே எல்லா மூஞ்சியையும் ஒருக்கா பாத்துடறேன். லில்லியக் கண்டிப்பாக் கூட்டியா. அவள நான் இடுப்புல வெச்சு வளத்தவ, கடைசியா அவ கல்யாணத்துல பாத்தது.”

லில்லி எங்கள் வீட்டில் கடைசி. அவள் பிறந்தபோது அம்மா ஆறு மாதம் படுக்கையில் இருந்தார். குழந்தையைக் குளிப்பாட்டி, பால் புகட்டி வளர்த்தது பெரியக்காதான்.

அடுத்த ஞாயிறே எல்லோரையும் கூட்டினோம். அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, பேரன் பேத்தி வரைக்கும் முப்பது பேர். ரயில், சாப்பாடு, அங்கே தங்க இடம் என்று கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆளுக்கு நாலாயிரம். கணக்குச் சொன்னது என் கூடப்பிறந்த அந்தோணி அண்ணன். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி இரண்டு வைத்திருக்கிறார். அவருக்கு நாலாயிரம் என்பது வண்டியின் ஒரு வேளை டீசலுக்குக்கூடக் காணாது.

லில்லி வீட்டில் நாலு உருப்படி. ஆரோக்கியம் மாப்பிள்ளை ஆட்டையாம்பட்டியில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். நாலு நாலு பதினாறு என்று அவள் மனசுக்குள் பெருக்கியது எனக்கே கேட்டது. “பாக்கலாமுங்கண்ணா” என்றாள். எங்கள் வீட்டில் ‘பாக்கலாம்’ என்றால் முடியாது என்று அர்த்தம்.

அன்றைக்கு என் மனசு நிஜமாகவே கஷ்டப்பட்டது. இல்லாதவர்கள் வாய் திறந்து இல்லையென்று சொல்லக்கூடாது, இருக்கிறவர்கள் தர்மம் செய்கிற மாதிரியும் இருக்கக்கூடாது. அதற்கு ஒரு வழி வேண்டும் என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் யோசித்தால் ஆபத்து என்று ரெஜினா சொல்வாள். சொன்னாள்.

ஆடும் டவுன் பஸ்ஸும்

திருவிழா முடிந்த ஞாயிறு எங்கள் கோவிலில் ஏலம் நடக்கும். காணிக்கையாக வந்த சேவல், வாழைத்தார், பூசணி எல்லாவற்றையும் கோவில் முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரம் ரூபாய்க்குப் போகும். யாரும் வருத்தப்படமாட்டார்கள். காசு கோவிலுக்கு, பெருமை எடுத்தவனுக்கு.

பல வருஷமாக ஏலம் கூவுவது நான்தான். மைக்கும் என்னுடையது, வாயும் என்னுடையது, இரண்டுக்கும் வாடகை கிடையாது. இதில் பொருள் முக்கியமே இல்லை. விட்டுக்கொடுக்காத இரண்டு ஆள் கிடைத்தால் போதும். மிச்சத்தை என் வாய் பார்த்துக்கொள்ளும்.

ஒரு வருஷம் கூவுகிற வேகத்தில் நானே ஒரு கிடாயை ஏற்றிவிட்டு, மேலே கேட்க ஆளில்லாமல், அது என் தலையிலேயே விழுந்தது. ஆட்டோக்காரர் ஆட்டை ஏற்ற மாட்டேன் என்றார். டவுன் பஸ்ஸில் ஏறினேன். “இதுக்கு லக்கேஜ் டிக்கெட்டா, ஆள் டிக்கெட்டா?” என்று கேட்டேன். கண்டக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “உங்க ரெண்டு பேர்ல பயணி யாருங்க?” என்றார். அடுத்த நிறுத்தத்திலேயே இருவரையும் இறக்கிவிட்டார்.

அதே ஏலத்தைக் குடும்பத்துக்குள் வைத்தால் என்ன? மாதம் ஒரு ஞாயிறு எங்கள் மாடியில் கூடுவது. ஆளுக்கொரு பொருள் கொண்டு வருவது. முருங்கைக்காய் கொண்டு வந்தாலும் சரி, முட்டை கொண்டு வந்தாலும் சரி. அந்தோணி அண்ணன் மாதிரி ஆள்கள் வீம்புக்கு ஏற்றி எடுப்பார்கள். காசு ரெஜினாவிடம் சேரும். ரயிலுக்கு முப்பது பேருக்கும் அதிலிருந்தே. யார் எவ்வளவு போட்டார்கள் என்ற பேச்சே இல்லை.

நன்றாகத்தான் போனது. முதல் மாதம் அண்ணன் ஒரு கட்டு முருங்கைக்காயை இரண்டாயிரத்துக்கு எடுத்து, அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். லில்லி ஒரு சீப்பு வாழைப்பழத்தை முப்பது ரூபாய்க்கு எடுத்தாள். எல்லோரும் அதற்கும் அதே அளவு கை தட்டினார்கள். ஆரோக்கியம் கேட்கவும் மாட்டார், பேசவும் மாட்டார். ஓரமாக உட்கார்ந்து சிரிப்பார். நாலு மாதம் அப்படியே போயிருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இல்லை.

மூணு தரம்

இரண்டாவது மாதம்தான் அந்த முறுக்கு. மூவாயிரத்தில் அண்ணனுக்குப் போட்டி ஆள் இல்லை. அதுவரை கூடவே ஏற்றிக்கொண்டிருந்த கோவை மருமகன் விலகிவிட்டார். ஏலக்காரனுக்கு இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும்.

“என்னங்க மாப்பிள! கட்டுன பொண்டாட்டி அடுப்புல வெந்து சுட்ட முறுக்கு, ரிக் வண்டி ஏறித் திருச்செங்கோட்டுக்குப் போவுது. வேடிக்கை பாத்துட்டு இருக்கீங்க! நாளைக்குப் போசியும் போவும், அப்புறம் பொண்டாட்டியும் போசியத் தேடிக்கிட்டுப் போவா!”

மாடியே குலுங்கியது. ஆரோக்கியமும் சிரித்தார். “மூவாயிரத்து நூறு” என்றார்.

“அப்புடிப் போடு!” என்று அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். “மூவாயிரத்து ஐநூறு!”

நான் மைக்கை ஆரோக்கியத்தின் வாய்க்குக் கீழே நீட்டினேன். நீட்டிய மைக்கில் அவர் என்ன சொல்லமுடியும்? நாலாயிரம் என்றார். அண்ணன் நாலாயிரத்து ஐநூறு என்றார். நான் பாட்டு மாதிரி இழுத்தேன். ஆரோக்கியம் ஐயாயிரம் என்றார்.

அண்ணன் கெட்ட மனுஷன் இல்லை. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, “மாப்பிள்ளைக்கே இருக்கட்டும். அவரு ஊட்டு முறுக்கு” என்றார். மரியாதை செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

“ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!” போசியைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். சின்னப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். லில்லி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று நினைத்தேன்.

எல்லோரும் போன பிறகு பாத்திரம் எடுக்கும்போது ரெஜினா கேட்டாள். “அவரு மூஞ்சியப் பாத்தீங்களா?”

“பாத்தனே. சிரிச்சாரே.”

“சிரிச்சாரு” என்றாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

ஐயாயிரமும் அந்த வாரமே ரெஜினாவின் போனில் வந்து விழுந்தது. “பாத்தியா, என்னமோ சொன்னியே” என்று அவளிடமே காட்டினேன்.

தறியில் லீவு இல்லை

அடுத்த கூட்டத்துக்கு லில்லி வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பையனுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஊரில் ஒரு சாவு. டிக்கெட் போடவேண்டிய நேரத்தில் லில்லியே கூப்பிட்டாள்.

“எங்களுக்குப் போட வேண்டாமுங்கண்ணா. அவருக்குத் தறியில லீவு இல்ல.”

“நீயும் பிள்ளைகளுமாவது வாங்க.”

“அவர உட்டுப்போட்டு எப்படிங்கண்ணா?” வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பெரியக்கா போன் செய்தார். முப்பது பேரில் யாரைப் பற்றியும் கேட்கவில்லை. “லில்லி வர்றா இல்ல?” என்று மட்டும் கேட்டார். நான் “ஹலோ, ஹலோ, சத்தமே கேக்கலக்கா” என்று சொல்லிக் கட் செய்தேன். மைக் செட்காரன் சொல்கிற பொய்யைப் பாருங்கள்.

முறுக்கு வாங்கப் போகிறேன் என்று ரெஜினா மறுநாள் ஆட்டையாம்பட்டிக்குப் பஸ் ஏறினாள். முறுக்கு இல்லாமல் திரும்பி வந்தாள்.

“முதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்கித்தான் உங்க ஏலத்துக்குக் கட்டியிருக்காரு. ஏற்கெனவே பொண்ணு ஸ்கூல் பீசுக்கு வாங்கினது பாதி நிக்குது. அதுமேல இது. பாக்கி நிக்கிற ஆளுக்குச் சேந்தாப்புல பத்து நாள் லீவு தரமாட்டாங்களாம். லில்லி சொல்லல. பக்கத்து ஊட்டுக்காரி சொன்னா.”

நான் உட்கார்ந்துவிட்டேன்.

“நீங்க மட்டும் ஊமையாப் பொறந்திருந்தா நம்ம குடும்பம் எப்பவோ முன்னேறியிருக்கும்” என்றாள். அதைச் சொல்லிவிட்டுக் காபி போட்டுக் கொடுத்தாள். அதுதான் ரெஜினா.

சத்தத்துக்கு நடுவில்

ஐயாயிரத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். முதலில் ஒரு ஜோக், அப்புறம் மன்னிப்பு, கடைசியில் மறுபடி ஒரு ஜோக்.

தறிக்கூடத்துக்குள் நுழைந்ததும் ஒத்திகை முழுக்க வீணாயிற்று. இரண்டு வரிசைத் தறியும் ஒன்றாக ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அங்கே வேலை செய்கிறவர்கள் கையாலும் கண்ணாலும்தான் பேசிக்கொள்கிறார்கள். நான் ஜோக்கைச் சொன்னேன். ஆரோக்கியம் காதில் கை வைத்துத் தலையை ஆட்டினார். மறுபடி சொன்னேன். ஒரு ஜோக்கை இரண்டாம் முறை கத்திச் சொல்லும்போதுதான் அதில் ஒன்றுமில்லை என்று தெரிகிறது.

கடைசியில் அவர் காதுக்குப் பக்கத்தில் போய், அடிவயிற்றிலிருந்து கத்தினேன். “மாப்பிள! நான் ஒரு முட்டாளுங்க!”

சரியாக அப்போது கரண்ட் போனது.

தறி எல்லாம் நின்றது. என் குரல் மட்டும் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, “அதச் சொல்றதுக்கா சாமி இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்றார்.

கூடமே சிரித்தது. ஆரோக்கியம் சிரிக்கவில்லை. சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, “வாங்க மச்சான், டீ குடிப்போம்” என்றார்.

டீக்கடையில் கவரை நீட்டினேன். அவர் கிளாஸைக் கீழே வைக்கவே இல்லை.

“எடுத்து உள்ள வைங்க மச்சான். ஏலத்துல எடுத்த பொருளுக்குக் காசத் திருப்பி வாங்குனான்னு எனக்குப் பேரு வரோணுமா?”

“தப்பு என்னுதுங்க மாப்பிள.”

“ஐயாயிரம்னு சொன்னது என் வாயி. உங்க வாயில்ல.” ஒரு மடக்குக் குடித்தார். “நீங்க என்னயப் பேசுனீங்க. ஆனா என்னயப் பாக்கல. சிரிக்கறவங்களப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. நான் எப்படிங்க நிறுத்தறது?”

கவரைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்தேன்.

அப்புறம்தான் ஒன்று தோன்றியது. எங்கள் கடையில் லைட் கட்டுகிற ஆள் திருப்பூருக்குப் போய்விட்டான். திருவிழா சீசன் தலைக்கு மேல் நிற்கிறது. “மாப்பிள, தறி லீவு உடற சனி சாயந்தரம், ஞாயிறு, கூலிக்கு வாரீங்களா? பனமரத்துப்பட்டிக் கோவிலுக்குக் கோபுரத்துல சீரியல் கட்டோணும். எனக்கு மூணாவது படியிலேயே தலை சுத்தும்.”

என் முகத்தை நன்றாகப் பார்த்தார். இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறேனா என்று தேடியிருப்பார். நான் ஏணியில் ஏறமாட்டேன் என்பது உலகத்துக்கே தெரியும்.

“எவ்வளவு தருவீங்க?”

“நாளுக்கு எண்ணூறு.”

“கோபுரம் ஏறுறதுக்கு ஆயிரம்னு சேலத்துல பேச்சு.”

“அது பெரிய கோபுரமுங்க.”

“உழுந்தா ரெண்டும் ஒண்ணுதானுங்க.”

ஆயிரத்துக்கு ஒத்துக்கொண்டேன். டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

கீழே நின்ற ஆள்

பனமரத்துப்பட்டியில் தொடங்கி, ஒரு மாரியம்மன் பண்டிகை, இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து என்று சீசன் முழுக்க வந்தார். பனமரத்துப்பட்டி ஏரிக் காற்றில் வயர் ஆடும். அவர் மேலே கட்டுவார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, அவரைச் சிரிக்க வைக்க என் கையிருப்பை முழுக்கக் கொட்டினேன். ஒருமுறை மேலிருந்து குரல் வந்தது. “மச்சான், பேசறப்ப ஏணி ஆடுதுங்க.”

வாயை மூடினேன். ஏணி ஆடவில்லை.

இதற்கிடையில் கேட்காமலேயே அவர்கள் நாலு பேருக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டேன். அதை லில்லியிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கூலி வாங்கிய ஒவ்வொரு ஞாயிறும் ஆரோக்கியம் தறி முதலாளிக்குக் கட்டிக்கொண்டே வந்தார். கிளம்புவதற்கு முந்தைய வாரம் லில்லி போன் செய்தாள். “பாக்கி முடிஞ்சுதுங்கண்ணா. பத்து நாள் லீவு குடுத்துட்டாங்க. டிக்கெட் கெடைக்குமாங்க?”

“பாக்கலாம்” என்றேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டதும், போட்டுவிட்டேன் என்று அவசரமாகச் சொன்னேன்.

ரயில் பயணத்தைப் பற்றி எழுதினால் இந்தப் பத்திரிகை தாங்காது. முப்பது பேர், இரண்டு ராத்திரி, ஒரே ஒரு ஊறுகாய் பாட்டில், அதுவும் உடைந்தது.

மடத்து வராந்தாவில் பெரியக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவரையும் கிட்டே இழுத்து, நல்ல கண் இருக்கிற பக்கமாக முகத்தைத் திருப்பிப் பார்த்தார். லில்லி வந்ததும் இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். வெகு நேரம் விடவில்லை. “பல்லு இன்னும் கோணலாத்தான் இருக்குடி” என்றார். லில்லி சிரித்துக்கொண்டே அழுதாள்.

அப்புறம் ஆரோக்கியத்தைப் பார்த்து, “வேலையெல்லாம் உட்டுட்டு வந்தீங்களா மாப்பிள்ள?” என்றார்.

“லீவு சொல்லிட்டு வந்தேனுங்க” என்றார். அந்த ‘லீவு’ என்ன விலை என்று அந்த வராந்தாவில் நாலு பேருக்குத்தான் தெரியும்.

சேலம் ஜங்ஷன்

திரும்பி வந்து சேலம் ஜங்ஷனில் இறங்கினோம். ஆளாளுக்குக் கட்டிப் பிடித்து, அண்ணன் கார் ஏறிப் போய், கூட்டம் கலைந்தது. ஆட்டையாம்பட்டி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. லில்லியும் பிள்ளைகளும் ரெஜினாவோடு இட்லி வாங்கப் போனார்கள். நானும் ஆரோக்கியமும் பைகளுக்குக் காவல்.

எனக்கு ஒரு பாராட்டு வேண்டியிருந்தது. யாரும் தருவதாகத் தெரியாததால் நானே எடுத்துக் கொடுத்தேன். “எப்படியோ மாப்பிள, ஒருத்தர் உடாம எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டோம். அந்த ஏலம் மட்டும் இல்லீன்னா, இல்லாதவங்க பாடு எவ்வளவு சங்கடமாப் போயிருக்கும், சொல்லுங்க.”

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். சிரிக்கவும் இல்லை, கோபமும் இல்லை.

“அடுத்த தடவை ஆளுக்கு நாலாயிரம்னே சொல்லிருங்க மச்சான். இல்லாதவன் இல்லீன்னு சொல்லிட்டு ஊட்டுல இருப்பான். அது இதைவிடச் சுலபமுங்க.”